நியூ ஆர்லியன்ஸின் இரண்டு உயில்கள்

ஜான் மெக்டோனோ 1850 அக்டோபரில் இறந்தார். ஜூடா டூரோ 1854 ஜனவரியில் இறந்தார். இருவரும் நியூ ஆர்லியன்ஸில் அரை நூற்றாண்டு வணிகம் செய்தவர்கள். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. பெரும் செல்வம் சேர்த்தும் சிக்கனமாக வாழ்ந்து, தம் சொத்தைப் பொதுக் காரியங்களுக்கு எழுதிவைத்துப் போனவர்கள். அமெரிக்கத் தென்பகுதியின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொடையாளர்களைப் பற்றிப் பேசும்போது இவ்விரு பெயர்களையும் சேர்த்தே சொல்வதுண்டு. ஆனால் இவர்களின் கொடைகளை அருகருகே வைத்துப் படித்தால் ஒற்றுமையைவிட வேற்றுமையே பெரிதாகத் தெரிகிறது. கொடுத்த தொகையில் அந்த வேற்றுமை இல்லை. பெறுகிறவருக்கும் ஒரு விருப்பம் உண்டு என்பதை ஒருவர் ஏற்றுக்கொண்டார், மற்றவரால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்பதில் இருக்கிறது.

ஒரே துறைமுகம்

டூரோ 1775இல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் பிறந்தார். தந்தை ஐசக் அவ்வூர் யூத ஜெப ஆலயத்தில் வழிபாட்டை நடத்தியவர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் நின்றதால் குடும்பம் ஊர்விட்டு ஊர் போனது. தந்தை 1783இல் ஜமைக்காவில் இறந்தார். சில ஆண்டுகளில் தாயும் போய்விட, பாஸ்டனில் வணிகராக இருந்த தாய்மாமன் மோசஸ் மைக்கேல் ஹேஸ் பிள்ளைகளை வளர்த்தார். மாமனிடம் தொழில் பழகிய டூரோ, 1801இல் நியூ ஆர்லியன்ஸுக்குக் கிளம்பினார்.

மெக்டோனோ 1779இல் பால்டிமோரில் பிறந்தவர். 1800இல், ஏறத்தாழ அதே சமயத்தில், அதே ஊருக்கு வந்து சேர்ந்தார். அப்போது லூசியானா அமெரிக்காவின் கையில் இல்லை. 1803இல் பிரான்சிடமிருந்து அமெரிக்கா அதை வாங்கியதும் ஊரின் தலையெழுத்தே மாறியது. உள்நாட்டில் விளைந்த பருத்தியும் சர்க்கரையும் மிசிசிப்பி வழியாக அங்கே வந்து கப்பலேறின. டூரோ நியூ இங்கிலாந்திலிருந்து வந்த சரக்குகளை விற்றார். கப்பல்களில் முதலீடு செய்தார். மனைகளும் கட்டடங்களும் வாங்கினார். மெக்டோனோ வணிகத்தில் தொடங்கி நிலத்துக்கு நகர்ந்தார். லூசியானாவில் மிகப் பெரிய நிலக்காரர்களில் ஒருவர் என்று பெயரெடுத்தார்.

இந்தச் செல்வத்தின் அடிமட்டத்தில் அடிமை உழைப்பு இருந்தது. பருத்தியும் சர்க்கரையும் யார் கையால் விளைந்தன என்பதை விட்டுவிட்டு அந்தத் துறைமுகத்து வணிகர் எவரையும் பேச முடியாது. மெக்டோனோ நேரடியாகவே பலரை அடிமைகளாக வைத்திருந்தார். அவர் கதையின் மிகக் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

டூரோ கொடுத்த விதம்

1815 ஜனவரியில், பிரிட்டிஷ் படை நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியபோது, நாற்பது வயதை நெருங்கிய டூரோ அமெரிக்கப் படைக்கு வெடிமருந்து சுமக்கும் வேலையை ஏற்றார். பீரங்கிக் குண்டு தொடையைப் பிய்த்தது. பிழைக்கமாட்டார் என்று விடப்பட்டவரை நண்பர் ரெசின் ஷெப்பர்ட் தூக்கிவந்து காப்பாற்றினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதிய உயிலில், கொடைகள் போக எஞ்சிய சொத்தை டூரோ அந்த ஷெப்பர்டுக்கே வைத்தார்.

அவர் கொடை மத எல்லையைப் பார்க்கவில்லை. தியோடர் கிளாப் என்ற பிரெஸ்பிட்டேரிய போதகரின் சபை கடனில் மூழ்கி, தேவாலயம் ஏலத்துக்கு வந்தது. டூரோ அதை வாங்கி, வாடகை கேட்காமல் அதே சபையிடம் விட்டுவைத்தார். பின்னர் கிளாப் கொள்கை வேறுபாட்டால் தம் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு யூனிடேரியன் வழிக்குப் போனார். டூரோவின் ஆதரவு அப்போதும் குறையவில்லை. கிளாப் என்ன போதிக்கிறார் என்பதைத் தாம் தீர்மானிக்க வேண்டும் என்று கட்டடத்தின் சொந்தக்காரரான டூரோ நினைக்கவே இல்லை. எதையும் கேட்காத இந்தப் பண்பையே அவருடைய கொடைகளில் மிக உயர்ந்ததாகக் கருதுகிறேன்.

பாஸ்டனில் பங்கர் ஹில் நினைவுத்தூண் பணமில்லாமல் பாதியில் நின்றபோது, எமோஸ் லாரன்ஸ் என்பவர் 10,000 டாலர் தர முன்வந்தார். டூரோ அதே அளவு தந்தார். சொந்தச் சமயத்துக்குப் பெரிய அளவில் கொடுக்க ஆரம்பித்தது முதுமையில்தான். நெடுங்காலம் அவர் யூத வாழ்விலிருந்து சற்று விலகியே இருந்தார். கெர்ஷோம் குர்ஷீட் என்ற இளைய நண்பரின் தூண்டுதல் அவரைத் திருப்பியது. ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயத்தை வாங்கி யூத சபைக்கு ஜெப ஆலயமாக்கினார். 1850இல் அங்கே வழிபாடு தொடங்கியது. 1852இல் ஆற்றங்கரையில் ஒரு மருத்துவமனைக்கு வித்திட்டார். மாலுமிகளும் புதிதாக வந்திறங்கிய ஏழைகளும் மஞ்சள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த ஊர் அது. அடுத்த ஆண்டுக் கொள்ளைநோயில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். டூரோ மருத்துவமனை இன்றும் அதே ஊரில் இயங்குகிறது.

1854 ஜனவரி 6 அன்று கையெழுத்திட்ட உயிலில் ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலர் பல நகரங்களின் யூத சபைகளுக்கும், கிறிஸ்தவ அநாதை இல்லங்களுக்கும், மருத்துவமனைகளுக்கும் பிரிந்து போனது. நியூ ஆர்லியன்ஸில் ஏழைகளுக்கான புகலிடம் ஒன்றுக்கு 80,000 டாலர். எருசலேமின் ஏழை யூதர்களுக்கு 50,000 டாலர். அதை எப்படிச் செலவிடுவது என்பதை லண்டனின் யூதக் கொடையாளர் மோசஸ் மான்டிஃபியோரி போன்றவர்களின் பொறுப்பில் விட்டார். மருத்துவமனை கட்டலாம் என்ற எண்ணம் மாறி, 1860இல் பழைய நகர மதிலுக்கு வெளியே மிஷ்கெனோத் ஷானானிம் என்னும் குடியிருப்பு எழுந்தது. மதிலுக்கு வெளியே யூதர்கள் அமைத்த முதல் குடியிருப்பு அதுதான். இடத்தை அறிந்தவர்கள் முடிவெடுக்கட்டும் என்று விட்டதன் பலன் அது.

மெக்டோனோ கொடுத்த விதம்

மெக்டோனோவுக்குக் கொடை என்பது ஒரு திட்டம். நகரின் நடுவில் ஆடம்பரமாக வாழ்ந்தவர், பிறகு ஆற்றின் மறுகரையில் மெக்டோனோவில்லுக்கு ஒதுங்கினார். சிறு படகில் ஆற்றைக் கடந்து வேலைக்கு வரும் அவரை ஊர் கஞ்சன் என்றது. அவர் சேர்த்தது யாருக்காக என்பது, 1838இலேயே எழுதிவைத்த உயில் வெளிப்பட்ட பிறகுதான் தெரிந்தது.

அதற்கு முன் அவர் தீட்டியது அடிமைகள் பற்றிய திட்டம். 1820களில் அவர்களோடு ஓர் ஏற்பாடு செய்தார். சனிக்கிழமைப் பிற்பகல் உழைப்புக்குக் கூலி தருவார். அந்தக் கூலியைச் சேர்த்து அவர்கள் தம் வாரத்தின் ஒரு நாளை அவரிடமிருந்து விலைக்கு வாங்கலாம். அந்த நாளின் கூலியால் இன்னொரு நாள். இப்படி நாள் நாளாகத் தம்மையே வாங்கி முடிக்கச் சுமார் பதினைந்து ஆண்டுகள் ஆகும். முடித்தவர்கள் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குப் போக வேண்டும். 1842இல் மரிபோசா என்ற கப்பலில் சுமார் எண்பது பேர் அப்படிப் போனார்கள்.

அந்தக் காலத்துத் தென்பகுதியில் இது துணிச்சலான செயல்தான். விடுதலை என்ற சொல்லையே பல முதலாளிகள் அஞ்சிய காலம். அவருடைய ஆட்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், கைத்தொழில் கற்றார்கள். அதையெல்லாம் மதிக்கிறேன். ஆனால் அவர் கொடுத்த சுதந்திரத்துக்கு அவர்களே விலை கொடுத்தார்கள். அந்தத் தொகையில் ஏறக்குறைய இரு மடங்கு ஆட்களைப் புதிதாக வாங்க முடியும் என்று மெக்டோனோவே எழுதினார். நல்ல மனமும் கணக்குப் புத்தகமும் அவரிடம் ஒருபோதும் பிரியவில்லை.

அவர் திட்டத்தின் எல்லையை மிகத் தெளிவாகக் காட்டியவர், அவருடைய அடிமைகளில் ஒருவரான டேவிட் மெக்டோனோ. இவரும் வாஷிங்டன் என்பவரும் 1838இல் பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்கள். படித்து லைபீரியாவில் பணி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. வாஷிங்டன் போனார். டேவிட் மறுத்தார். 1844இல் பட்டம் பெற்று, நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, கண் மருத்துவராகத் தம் நாட்டிலேயே வாழ்ந்தார். கல்வியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அதை வைத்து அவர் எங்கே வாழ வேண்டும் என்பதையும் தாமே சொல்ல மெக்டோனோ விரும்பினார். கற்றவர் இணங்கவில்லை.

உயிலுக்குப் பின்

மெக்டோனோவின் சொத்து பால்டிமோருக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் சரிபாதியாக, எல்லா இனத்து ஏழைப் பிள்ளைகளுக்குமான இலவசப் பள்ளிகளுக்குப் போக வேண்டும். ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகள் தம் கல்லறைக்கு மலர் வைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். நிலத்தை விற்காமல் நிரந்தரமாகக் காப்பது எப்படி என்பதற்கு விரிவான விதிகள் வகுத்திருந்தார். உறவினர் வழக்குத் தொடுத்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் உயில் நிலைத்தது. இழுபறிகளுக்குப் பின் ஒவ்வொரு நகருக்கும் ஏழு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அவர் வகுத்த நில விதிகள் காப்பாற்றப்படவில்லை. பள்ளிகள் எழுந்தன: பால்டிமோர் அருகே 1873இல் ஒன்று, நியூ ஆர்லியன்ஸில் எண்ணிட்ட மெக்டோனோ பள்ளிகள் முப்பதுக்கும் மேல். பல தலைமுறைப் பிள்ளைகளின் எழுத்தறிவு அந்தப் பணத்தில் வந்தது. டூரோவின் எந்த ஒரு கொடையும் இத்தனை பிள்ளைகளைத் தொடவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் விதிகளில் மிக முக்கியமானது எது? எல்லா இனத்தவர்க்கும் என்ற வரிதான். அதுதான் முதலில் உடைந்தது. பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்தன. 1900இல் நகரம் கறுப்பினப் பிள்ளைகளின் பொதுக் கல்வியை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியது. 1917இல்தான் மெக்டோனோ 35 என்ற பள்ளியில் அவர்களுக்கு உயர்நிலைக் கல்வி திரும்பக் கிடைத்தது. மலர் வைக்கும் சடங்கோ விடாமல் நடந்தது; வெள்ளைப் பிள்ளைகள் வைத்து முடிக்கும்வரை கறுப்பினப் பிள்ளைகள் வெயிலில் காத்து நிற்க வேண்டும். 1954 மே மாதம் கறுப்பினக் குடும்பங்களும் ஆசிரியர்களும் அந்த நாளைப் புறக்கணித்தார்கள். 1960 நவம்பர் 14 அன்று ஆறு வயதுச் சிறுமிகள் மூவர் மெக்டோனோ 19 பள்ளிக்குள் காவலர் துணையோடு நுழைந்தபோதுதான், உயிலின் அந்த வரி அங்கே நடைமுறைக்கு வந்தது எனலாம். 2020இல் போராட்டக்காரர்கள் மெக்டோனோவின் மார்பளவுச் சிலை ஒன்றைப் பெயர்த்து ஆற்றில் தள்ளினார்கள்.

டூரோவின் கொடைகளும் எல்லாம் தப்பவில்லை. ஏழைகளின் புகலிடம் உள்நாட்டுப் போர்க் காலத்தில் படையினர் வசம் போய், 1865இல் எரிந்தது. விதியில்லாமல் கொடுத்தால் எல்லாம் நிலைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. விதிகள் போட்டும் மெக்டோனோவின் உயில் காக்கப்படவில்லை. அதன் உயிரான வரியைக் காத்தவர்கள் நூறாண்டு கழித்து வந்த பெற்றோரும் பிள்ளைகளும் ஆசிரியர்களும். இறந்தவர் எழுதிவைத்ததை வாழ்கிறவர்கள்தான் நிறைவேற்றவோ கெடுக்கவோ செய்கிறார்கள். அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, தகுந்தவர்களைத் தேடி அவர்கள் கையில் விட்டதில் டூரோ தெளிவானவர்.

இருவரில் யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்வது எளிது. அதனால் நமக்குப் பயன் குறைவு. இன்று அறக்கட்டளை தொடங்குகிறவரும், ஒரு மாணவருக்குக் கல்விக் கட்டணம் கட்டுகிறவரும் இந்த இரண்டு உயில்களிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. மெக்டோனோவிடமிருந்து பெரிதாக எண்ணும் துணிவை, கல்வியில் அவர் வைத்த நம்பிக்கையை எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தபின் பிடியை விடும் பண்பை டூரோவிடமிருந்துதான் கற்க வேண்டும். அந்தப் பண்பு இல்லாத இடத்தில் டேவிட் மெக்டோனோவைப் போன்றவர்கள் கொடையைப் பெற்றுக்கொண்டு கொடையாளியை எதிர்த்தே தங்கள் வாழ்வை அமைக்க வேண்டியிருக்கிறது.