கடல் தின்ற காசுக்கு என்ன தரம்?

1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் உடைந்து மூழ்கியது. பீப்பாய் பீப்பாயாக அது ஏற்றி வந்தவை சென்னை மாகாணத்துக்கான செப்புக் காசுகள். ஆற்காட்டு நவாபின் சீமை 1801இல் கம்பெனியிடம் போன பிறகு, மேல்விஷாரம், ஆற்காடு, வேலூர்ச் சந்தைகளில் கைமாற வேண்டிய சில்லறையும் அதில் அடங்கும். பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் சோகோ நாணயச்சாலை அடித்த இருபது காசில் ஒருபுறம் கம்பெனியின் சின்னமும் 1808 என்ற ஆண்டும் இருக்கும்; மறுபுறம் இருபது காசு நான்கு ஃபுலூஸ் என்று பாரசீகத்தில் எழுதியிருக்கும். 1980களில் இந்தக் காசுகள் லட்சக்கணக்கில் மேலே வந்து, சேகரிப்போர் சந்தைக்குப் போயின.

நாணயத் தரம் இன்று 1 முதல் 70 வரையான எண்ணால் சொல்லப்படுகிறது. வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கச் செப்பு நாணயங்களுக்கு வகுத்த அளவுகோல் இதற்கு அடிப்படை. மேடான பகுதிகள் எவ்வளவு தேய்ந்தன என்று பார்த்து, எத்தனை கை பட்டது என்பதை அது கணிக்கிறது. அட்மிரல் கார்ட்னரோடு மூழ்கிய காசோ எந்தக் கையிலும் புழங்காதது. பீப்பாயின் நடுவில் இருந்தது பளபளப்போடு தப்பும், ஓரத்தில் இருந்ததை உப்புநீர் அரிக்கும். ஆகவே அதன் எண் காட்டுவது புழக்கத்தை அல்ல, கிடந்த இடத்தை. 1865இல் ஜார்ஜியா கடலோரம் மூழ்கி 2003இல் கண்டுபிடிக்கப்பட்ட 'ரிபப்ளிக்' கப்பல் இதைத் தெளிவாக்கியது. அதன் தங்க நாணயங்களைக் கடல் தொடவில்லை, அவை எண் பெற்றன. கடல் அரித்த வெள்ளி அரை டாலர்களுக்கு நாணயத் தரம் பிரிக்கும் என்ஜிசி நிறுவனம் எண் தராமல், கப்பல் மூழ்கியதால் நேர்ந்த விளைவு என்று காசோடு வரும் தரச்சீட்டில் குறித்தது. இதுவே நேர்மையான முறை. ஆட்டுத்தோலில் இருப்பது முள் கீறலா, உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டா என்று பிரித்துச் சொல்லாத தரப்பிரிப்பை, அதாவது செலக்‌ஷனை நம் ஊர்த் தோல் வியாபாரி ஏற்பாரா?

சீட்டில் கப்பல் பெயரைப் போடுவது, பழுதான சரக்கைக் கதை சொல்லி விற்கும் தந்திரம் என்பார்கள். கதை விலையை ஏற்றுகிறது, உண்மைதான். அதனாலேயே, மீட்டவர்களின் பதிவோடு ஒத்துப்போகாத காசுக்குக் கப்பல் பெயர் தரக்கூடாது. அதே 1808ஆம் ஆண்டுக் காசுகள் வேறு கப்பல்களில் வந்து நம் மண்ணில் புழங்கித் தேய்ந்தன. பெயர் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். விற்பனையே தவறு என்னும் தொல்லியலாளர் வாதம் இதைவிட வலுவானது. நீருக்கடியில் உள்ள பண்பாட்டுச் சொத்தை வணிகப் பொருளாக்கக் கூடாது என்று யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கையும் சொல்கிறது. இனி மீட்கப்படுபவற்றுக்கு அந்த விதியே பொருந்த வேண்டும். ஆனால் ஏற்கெனவே உலகெங்கும் சிதறிவிட்ட காசுகளுக்குப் பிறப்பிடத்தோடு மிஞ்சியிருக்கும் உறவு அந்தச் சீட்டு மட்டுமே. எனவே அதில் கப்பலின் பெயர், கடல் செய்த சேதம், அந்தக் காசு போய்ச் சேர வேண்டியிருந்த சென்னை மாகாணம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். எண் நான்காவதாக வரட்டும்.