பாகூருக்கு அடியில் கிடக்கும் கரி

எங்கள் மோட்டார் கொட்டகையில் நின்றுகொண்டுதான் பெரியப்பா முதன்முதலில் அதைச் சொன்னார். "நெய்வேலியில மட்டும் இல்லடா, நம்ம பக்கமும் பூமிக்கு அடியில கரி இருக்கு. பிரெஞ்சுக்காரன் காலத்துலயே பார்த்துட்டான்." கதை விடுகிறார் என்றே நினைத்தேன்.

அது கதையல்ல. 1880களில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாகூர் பகுதியில் ஆழ்துளை போட்டபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது 1930களில்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்கில் இன்றும் புதுச்சேரியின் பெயரில் சுமார் 41 கோடி டன் பழுப்பு நிலக்கரி இருக்கிறது.

ஆனால் தோண்டப்பட்டது நெய்வேலி. 1956இல் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962இல் சோவியத் உதவியோடு மின்சாரம் வந்தது. அங்கே கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகாது. அந்தக் கடலூர் மணற்கல் அடுக்கு எங்கள் பக்கமும் நீள்கிறது. பாகூர் ஏரிக்கும் எங்கள் போர்வெல்லுக்கும் இதன் பொருள் என்ன என்பதை விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை.

எங்களுக்கு வடக்கே கடலோரத்தில் கல்பாக்கம். முதல் உலை 1983 ஜூலையிலும் இரண்டாவது 1985இலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 220 மெகாவாட் நிறுவுதிறன் கொண்டவை. மத்திய மின்நிலையங்களிலிருந்து புதுச்சேரிக்கு வரும் ஒதுக்கீட்டில் நெய்வேலிக்கும் பங்கு உண்டு, கல்பாக்கத்துக்கும் பங்கு உண்டு. எங்கள் மோட்டாரைச் சுற்றும் கரண்டுக்கு எது தாய்வீடு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கூடங்குளம் போராட்டம் உச்சத்தில் இருந்த 2012இல் நான் கல்லூரி மாணவன். அணு உலை கூடாது என்ற பதாகையோடு ஊருக்கு வந்தேன். பெரியப்பா கேட்டார்: "சரிடா, அது வேணாம். அப்ப நம்ம கழனியத் தோண்டலாமா?" பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். நம் கனநீர் உலையில் ஒரு கிலோ இயற்கை யுரேனியம் 40,000 யூனிட்டுக்கு மேல் தரும். 2014இல் ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு தந்த மதிப்பீட்டில், தொடக்கம் முதல் இறுதிவரை சேர்த்துப் பார்த்தால் நிலக்கரி ஒரு யூனிட்டுக்கு 820 கிராம் கரியமிலவாயுவுக்கு இணையாக வெளியிடுகிறது. அணுசக்தி 12 கிராம்தான்.

நெய்வேலி உயிர்களையும் கேட்டிருக்கிறது. 2020இல் மே மாதமும் ஜூலை மாதமும் கொதிகலன் விபத்துகளில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடிக்கவிருந்த நெல்வயலுக்குள் வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. அந்தப் படத்தைப் பார்த்த அன்று பெரியப்பா சாப்பிடவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கல்பாக்கத்தின் கடல்நீர் இறைக்கும் பம்புசெட்டுகளை மூழ்கடித்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். உலை தப்பியது. ஊழியர் குடியிருப்பில் பலர் தப்பவில்லை. 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் அலை உலையையே வென்றது. யுரேனியமும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் ஆதிவாசிகளின் ஊர்களுக்கு நடுவேதான் அதன் சுரங்கமும் கழிவுக் குட்டையும். எரிந்து முடிந்த எரிபொருளை நம் பேரன்களின் பேரன்களும் காவல் காக்க வேண்டும்.

இரண்டில் ஒன்று என்று கட்டாயப்படுத்தினால் இன்று நான் அணுமின்சாரத்தைச் சொல்வேன். கரியின் சேதம் விபத்து நடக்காத நாளிலும் நடக்கிறது. ஆனால் என் மனம் மாறியதற்கு எண்கள் மட்டும் காரணமில்லை, பாகூர் என் ஊர் என்பதும் காரணம். ஜாதுகுடாவில் பிறந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

போன தை மாதம் பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தவர், "அந்த ஊர்க்காரனையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுடா" என்றார்.