கற்றுக்கொள்பவரின் கிட்டார்: நானூறு ஆண்டு வரலாறு

மின்சார உதவி இல்லாமல், தந்தியின் அதிர்வை மரக்கூடே பெருக்கித் தரும் கிட்டாரை அக்கூஸ்டிக் கிட்டார் என்பர். பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காக இசை பயில்பவர்கள் உலகெங்கும் விரும்பிக் கையில் எடுக்கும் கருவிகளில் இது ஒன்று. வாங்கப் போகும் புதியவரைக் கடையில் சில கேள்விகள் எதிர்கொள்கின்றன. நைலான் தந்தியா, எஃகுக் கம்பியா? சிறிய கூடா, பெரிய கூடா? முழுமரப் பலகையா, ஒட்டுப்பலகையா? இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில், ஏதோ ஒரு தேவையை ஒட்டி எழுந்தவை. கிட்டாரின் வரலாற்றில் பாதி தச்சர்களின் பட்டறையில் நடந்தது. மறுபாதி, ஆசிரியர் கிடைக்காதவர்களுக்காக எழுதப்பட்ட சிறு பாடநூல்களில் நடந்தது.

மருத்துவர் எழுதிய பாடநூல்

16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் இரண்டு உறவுக் கருவிகள் புழங்கின. ஆறு இணைத் தந்திகள் கொண்ட விஹுவேலா அரசவைக்கும் கற்றோர் வீடுகளுக்கும் உரியது. கிட்டார் அதைவிடச் சிறியது. அதற்கு நான்கு இணைகளே. இணை என்பது அருகருகே கட்டி ஒன்றாக மீட்டப்படும் இரு தந்திகள். அலோன்சோ முதார்ரா 1546-இல் செவில் நகரில் அச்சிட்ட இசைநூலில் இந்த நான்கிணைக் கிட்டாருக்கான உருப்படிகள் இடம்பெற்றன. கிட்டாருக்கென அச்சேறிய இசையில் இன்று கிடைப்பவற்றுள் அவையே மிகப் பழையவை.

அன்றைய தந்திகள் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்யப்பட்டவை. ஃப்ரெட்டுகளும் கழுத்தைச் சுற்றி முடிச்சிட்ட குடல் நரம்புகள்தாம். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்து நிலைநிறுத்துவது போன்ற ஏற்பாடு அதில் கிடையாது. சுருதி விலகினால் வாசிப்பவரே ஃப்ரெட்டை நகர்த்திச் சரிசெய்துகொண்டார்.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐந்தாவது இணை சேர்ந்தது. அதோடு வாசிக்கும் முறையும் மாறியது. தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டுவதோடு, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வருடி ஒலிக்கச் செய்யும் பழக்கம் பரவியது. இன்று ஸ்ட்ரம்மிங் எனப்படுவது இதுதான். இதை மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் நூலை எழுதியவர் இசைவாணர் அல்லர். ஜுவான் கார்லெஸ் அமாத் என்ற கத்தலோனிய மருத்துவர். 1596-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய சிறுநூல், பன்னிரண்டு மேஜர் கார்டுகளையும் பன்னிரண்டு மைனர் கார்டுகளையும் எண்களாக்கி ஒரு வட்டப் படத்தில் அடுக்கியது. கார்டு என்பது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரங்களின் தொகுதி. இசைக்குறியீடு படிக்கத் தெரியாதவரும் எண்ணைப் பார்த்து விரலை வைத்து ஒரு பாட்டுக்குத் துணை வாசிக்க முடிந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அந்நூல் மறுபதிப்புகள் கண்டது.

இந்த எளிமை எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 1611-இல் ஸ்பானிய அகராதி ஒன்றை வெளியிட்ட செபாஸ்தியான் தே கோவார்ரூபியாஸ், விஹுவேலா மறைந்துவருவதையும் குதிரை லாயத்துப் பையன்கள்கூடக் கிட்டார் வாசிப்பதையும் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். குறையாக எழுதிய அந்த வரிகளே, கிட்டார் எவ்வளவு விரைவில் எளியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்றாகிவிட்டன.

இத்தாலியில் இதே எண்ணம் எழுத்துகளாக வந்தது. ஜிரோலாமோ மொந்தெசார்தோ 1606-இல் ஃபிளாரன்ஸில் வெளியிட்ட நூல் ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்தது. ‘அல்ஃபபேத்தோ’ எனப்பட்ட இம்முறையில் ‘ஏ’ என்ற எழுத்து இன்றைய ஜி மேஜர் கார்டையும், ‘பி’ என்பது சி மேஜரையும் குறித்தன. அந்த எழுத்துகள் ஸ்வரத்தின் பெயர்கள் அல்ல. விரல் வைக்கும் இடத்துக்கான அடையாளங்கள் மட்டுமே. ஒரு கோட்டின் கீழும் மேலும் இழுத்த சிறு கீற்றுகள், கையைக் கீழ்நோக்கி வீசுவதா மேல்நோக்கி வீசுவதா என்பதைக் காட்டின. பாடல் வரிகளுக்கு மேலே கார்டின் பெயரை எழுதிவைத்துக்கொண்டு வாசிக்கும் இன்றைய பழக்கத்துக்கு இதுவே முன்னோடி. 1674-இல் சரகோசாவில் வெளிவந்த காஸ்பர் சான்ஸின் நூல் இன்னும் ஒருபடி மேலே சென்று, தந்தி தேர்ந்தெடுப்பது, ஃப்ரெட் கட்டுவது, சுருதி சேர்ப்பது ஆகியவற்றையும் மாணவருக்கு விளக்கியது.

ஆறு தந்திகள், பாரிஸ் மோகம்

1800-ஐ ஒட்டிய பத்திருபது ஆண்டுகளில் கிட்டார் இன்றைய அமைப்புக்கு வந்தது. இணைகள் போய் ஒற்றைத் தந்திகள் வந்தன, எண்ணிக்கை ஆறானது. தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற சுருதி நிலைபெற்றது. கட்டிய ஃப்ரெட்டுகளின் இடத்தைப் பதித்த உலோக ஃப்ரெட்டுகள் பிடித்தன. பட்டு இழையின் மேல் உலோகக் கம்பி சுற்றிய கீழ்ச்சுருதித் தந்திகள் பரவலாயின. பத்துத் தந்திகளைச் சுருதி சேர்க்கும் பாடு ஆறாகக் குறைந்ததில் புதியவருக்குத்தான் லாபம் அதிகம்.

நடுத்தர வர்க்கம் பெருகிய பாரிஸிலும் வியன்னாவிலும் கிட்டார் ஒரு மோகமாகவே ஆனது. பியானோ விலை கட்டுப்படியாகாத வீடுகளில் கிட்டார் நுழைந்தது. பாடநூல்களும் வரிசையாக வந்தன. ஃபெர்டினாண்டோ கருல்லியின் நூல் 1810-இல் வெளிவந்தது. ஃபெர்னாண்டோ சோர் 1830-இல் தம் நூலை வெளியிட்டார். மத்தேயோ கர்காஸியின் நூல் 1836-இல் வந்தது. இம்மூவரும் பாரிஸில் வாழ்ந்த அயல்நாட்டினர். கச்சேரியோடு, வீட்டில் பயிலும் மாணவரும் அவர்களுக்கு வாழ்வளித்தனர். எளிய பயிற்சியில் தொடங்கி ஒவ்வொரு பாடத்திலும் ஒரே ஒரு புதிய சிரமத்தைச் சேர்த்துக்கொண்டு போகும் அவர்களின் ஒழுங்கு, கர்நாடக இசையில் சரளி வரிசையிலிருந்து கீதத்துக்கு ஏறும் ஒழுங்கை ஒத்தது. சோர், கர்காஸி ஆகியோரின் பயிற்சிகளை மாணவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள்.

அட்டையில் செய்த கிட்டார்

பெரிய அரங்குகள் வந்ததும் ஒலி போதவில்லை என்ற குறை எழுந்தது. அதற்கு ஸ்பெயினில் விடை கண்டவர் அல்மேரியா அருகே 1817-இல் பிறந்த தச்சர் அந்தோனியோ தே தோர்ரெஸ். அவர் கூட்டைப் பெரிதாக்கினார். முன்பலகையை மெல்லியதாக இழைத்தார். அதன் உட்புறத்தில் ஏழு மெல்லிய சட்டங்களை விசிறிபோல் ஒட்டி வலுவூட்டினார். தந்தியின் அதிரும் நீளம் அவர் கையில் 650 மில்லிமீட்டர் அளவில் நிலைத்தது. நைலான் தந்திகள் கொண்ட இன்றைய கிளாசிக்கல் கிட்டார் பெரும்பாலும் இந்த அளவையே பின்பற்றுகிறது.

தோர்ரெஸ் 1862-இல் ஒரு விந்தையான கிட்டாரைச் செய்தார். அதன் முன்பலகை நல்ல ஸ்புரூஸ் மரம். பின்புறமும் பக்கங்களும் வெறும் காகித அட்டை. ஒலியின் உயிர் முன்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டவே அதைச் செய்தார். அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டார் வாங்குபவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு இல்லை. பின்பக்கத்து மரத்தின் அழகில் மயங்கி, முன்பலகையைக் கவனிக்கத் தவறக் கூடாது.

அமெரிக்காவும் எஃகுக் கம்பியும்

ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஹென் ஊரில், கிட்டார் செய்யும் உரிமை யாருக்கு என்று வயலின் தச்சர் சங்கத்துக்கும் மரச்சாமான் தச்சர்களுக்கும் நீண்ட வழக்கு நடந்தது. மரச்சாமான் தச்சர் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் மார்ட்டின் 1833-இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் பட்டறையை நிறுவினார். 1840-களில் முன்பலகையின் உட்புறத்தில் சட்டங்களைப் பெருக்கல் குறிபோல் குறுக்காக ஒட்டும் முறை அவருடைய கிட்டார்களில் இடம்பெற்றது. குடல் தந்திக்கு அவ்வளவு வலு தேவைப்படவில்லை. ஆனால் எண்பது ஆண்டுகள் கழித்து எஃகுக் கம்பி வந்தபோது அந்த அமைப்புதான் கைகொடுத்தது.

அன்றைய அமெரிக்கக் கிட்டார் சிறியது. வீட்டு வரவேற்பறைக்கு ஏற்றது. பெண்கள் பெரிதும் பயின்றது. 1890-களிலிருந்து சியர்ஸ் ரோபக் போன்ற அஞ்சல்வழி வணிகர்கள் சில டாலர் விலையில் கிட்டாரை விற்கத் தொடங்கினர். 1892-இல் சிகாகோவில் தொடங்கிய ஹார்மனி போன்ற ஆலைகள் அவர்களுக்காகப் பெருமளவில் செய்து தந்தன. இசைக்கருவிக் கடையே இல்லாத சிற்றூருக்கும் ரயிலில் கிட்டார் போய்ச் சேர்ந்தது. தென்மாநிலங்களின் புளூஸ் பாடகர்கள் பலர் இப்படி வந்த மலிவுக் கிட்டார்களில்தான் வாசித்தனர்.

1915-இல் சான்ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாய்த் தீவினர் வாசித்த கிட்டார் அமெரிக்கர்களைக் கவர்ந்தது. அந்த இசைக்கு எஃகுக் கம்பி வேண்டியிருந்தது. 1920-களில் மார்ட்டின் நிறுவனம் தன் கிட்டார்களை எஃகுக்கு ஏற்ப வலுப்படுத்தியது. கிப்சன் நிறுவனம் கழுத்துக்குள் எஃகுக் கோலைப் பொருத்தி, கழுத்து வளைவதைத் தடுத்தது. இந்த முன்னேற்பாடுகளுக்குக் காரணம் இழுவிசை. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். மெல்லிய வகை எஃகுக் கம்பிகளே 70 கிலோவைத் தாண்டும். கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுக் கம்பி கட்டினால், முன்பலகையில் தந்திகளைத் தாங்கும் குதிரை பெயர்ந்துவரும் என்று கடைக்காரர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

கடைகளில் இன்று அதிகம் காணப்படும் அகன்ற தோள் கொண்ட வடிவத்துக்கு ‘டிரெட்நாட்’ என்று பெயர். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் அது. 1916-இல் மார்ட்டின் பட்டறை இதை பாஸ்டனின் டிட்சன் நிறுவனத்துக்காகச் செய்தது; 1931-இல் தன் பெயரிலேயே வெளியிட்டது. பாடகரின் குரலுக்கு அடியில் கனமாக ஒலிப்பதற்கென்று பிறந்த வடிவம் அது. சிறு உடல்வாகு கொண்டவருக்கு அதை அணைத்துப் பிடிப்பதே சிரமமாவதில் வியப்பில்லை.

நைலானும் ஒரு நாள் பாடமும்

இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டதால் தந்திக்குத் தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கின் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் இழையில் தந்தி செய்யப் பார்த்தார். ஸ்பானியக் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். சீக்கிரம் அறுந்து, ஈரக் காற்றில் சுருதி விலகும் குடல் தந்தியின் தொல்லை 1940-களின் இறுதியில் நீங்கியது.

1956-இல் பாடகர் லானி டோனகனின் பாடல் ஒன்று பிரிட்டனில் ‘ஸ்கிஃபிள்’ அலையை எழுப்பியது. ஒரு கிட்டார், ஒரு துணி துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டியில் செய்த ஒரு பேஸ் கருவி இருந்தால் குழு தயார். மூன்று கார்டுகளில் பாட்டு முடிந்துவிடும். பின்னாளில் புகழ்பெற்ற பாடகர் ஜான் லெனனின் முதல் குழுவும் ஸ்கிஃபிள் குழுதான். அந்த அலையில் 1957-இல் பெர்ட் வீடன் வெளியிட்ட ‘பிளே இன் எ டே’ என்ற பாடநூல் பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. பின்னாளில் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர்களான ஜார்ஜ் ஹாரிசனும் எரிக் கிளாப்டனும் அதைப் புரட்டியவர்களே. அதற்கும் அமாத்தின் சிறுநூலுக்கும் இடையே மூன்றரை நூற்றாண்டு. ஆசிரியர் இல்லாதவரும் வாசிக்க வேண்டும் என்ற விருப்பம் மட்டும் மாறவில்லை.

1960-களில் ஜப்பான் நுழைந்தது. ஹமாமத்ஸுவின் யமாஹா நிறுவனம் 1966-இல் எஃப்ஜி வரிசையைத் தொடங்கியது. ஒட்டுப்பலகையில், ஒரே சீரான அளவில் செய்யப்பட்ட அந்தக் கிட்டார்கள், குறைந்த விலையிலும் சுருதி சுத்தமாக இருக்க முடியும் என்று காட்டின.

ஈட்டி மரம்

இந்த வரலாற்றில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடமுண்டு. நல்ல கிட்டாரின் பின்பலகைக்கு பிரேசில் நாட்டு ரோஸ்வுட் பேர்போனது. பிரேசில் அதை மரத்துண்டாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும், மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது; மற்றவர்களும் மாறினர். தமிழில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் மரம் அது. நீலகிரி, வயநாடு, குடகுப் பகுதிகளில் மெல்ல வளரும் அம்மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே இயற்றியது. 2017-இல் ரோஸ்வுட் இனம் முழுவதும், அரிய உயிரினங்களின் வணிகத்துக்கான ‘சைட்டிஸ்’ என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பிரேசில் ரோஸ்வுட் நீங்கலாக, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தது. மரம் அருகிவருவதால், ஒட்டுப்பலகையையும் மாற்று மரங்களையும் குறைவாக எண்ணும் காலம் போய்விட்டது. அட்டைக் கிட்டார் செய்த தோர்ரெஸுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

வாங்குபவருக்கு வரலாறு சொல்வது

விரல் நுனி மெத்தென்று இருக்கும் தொடக்கக் காலத்துக்கும் விரலால் மீட்டும் இசைக்கும் நைலான் இதமானது. அதன் கழுத்து அகலமானது. பாடிக்கொண்டே ஸ்ட்ரம் செய்ய எஃகு ஏற்றது. கூடு, உட்கார்ந்து மடியில் வைத்தால் தோள் உயராத அளவில் இருக்க வேண்டும். பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அது முழுமர முன்பலகைக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தந்தியின் உயரம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே எஃகுக் கிட்டாரில் ஏறத்தாழ 2 முதல் 2.5 மில்லிமீட்டரும், நைலானில் 3 முதல் 4 மில்லிமீட்டரும் இருந்தால் போதும். அதற்கு மேல் உயர்ந்த தந்தியை அழுத்தும் விரல் வலிக்கும். கார்டு தெளிவாகப் பேசாது. புதியவர் தம் கையைக் குறை சொல்லிக்கொண்டு கருவியை மூலையில் சாத்திவிடுவார். குதிரையில் தந்திகள் படியும் சிறு துண்டைச் சற்றுத் தேய்த்தாலே பல மலிவுக் கிட்டார்களில் இந்தக் குறை தீர்ந்துவிடும்.

கற்பதில் நானூறு ஆண்டுகளாக வழி ஒன்றுதான். முதலில் சில கார்டுகள். பிறகு தாளம் தவறாத வலக்கை. அதன் பின் ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு விரல் தடுமாறாமல் நகரும் பழக்கம். ஆள்காட்டி விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் எஃப் கார்டில் பலர் நின்றுவிடுவதுண்டு. அது கைவரும்வரை, அது தேவைப்படாத பாட்டுகள் நிறையவே இருக்கின்றன. அவற்றை வாசித்துக்கொண்டு, தினமும் கால்மணி நேரமாவது விடாமல் பயில்பவருக்கு இந்தக் கருவி வசப்படும்.