கம்பவுண்டர் காலத்திலிருந்து ஃபார்ம்.டி. காலம் வரை

மலர்க் குழுவினர் "உங்கள் துறையைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டதற்கிணங்க இதை எழுதுகிறேன். நம் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, அப்புறம் மருந்தியல் பட்டயம் வாங்கி, அரசு மருத்துவமனைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கள்ளக்குறிச்சியில் குடியிருப்பதால், ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ முடிவு வந்தவுடன் கல்வராயன் மலைப் பிள்ளைகள் சிலர் விண்ணப்பம் பற்றி விசாரிக்க வருவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "நீட் எழுதாமலே டாக்டர் ஆகலாமாமே, நிஜமா சார்?"

அவர்கள் கேள்விப்பட்டது ஃபார்ம்.டி. என்னும் ஆறு வருஷப் படிப்பு. 'டாக்டர் ஆஃப் ஃபார்மசி' என்பதன் சுருக்கம். ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்குக் கம்பவுண்டரை நினைவிருக்கும். டாக்டர் அறைக்குப் பக்கத்தில் மரத் தடுப்பு. அதற்குப் பின்னால் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலில் சிவப்பு மிக்ஸ்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். பலருக்கு முறையான படிப்பு கிடையாது, கைப்பழக்கம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் மருந்து விற்பதற்கும் கலப்பதற்கும் நாடு முழுமைக்குமான சட்டம் இல்லாதிருந்தது. கர்னல் சோப்ரா தலைமையில் 1930-ல் அமைந்த விசாரணைக் குழுதான், மருந்தில் கலப்படம் இவ்வளவு, தொழில் செய்பவர்களுக்குப் பயிற்சி இல்லை என்று எடுத்துச் சொன்னது. 1932-ல் காசி இந்து பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்தியலைப் பட்டப் படிப்பில் ஒரு பாடமாகக் கொண்டுவந்தார். 1940-ல் மருந்துச் சட்டம், 1948-ல் மருந்தியல் சட்டம். இந்த 1948 சட்டம்தான் மருந்தாளுநர் என்பவர் பதிவு செய்துகொண்டவராக இருக்க வேண்டும் என்று வகுத்தது.

அதன் பிறகு நம் ஊரில் இந்தப் படிப்பு இரண்டு திசையில் போனது. பட்டயம் படித்தவன் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை எண்ணினான். பி.ஃபார்ம். படித்தவன் பெரும்பாலும் மருந்துக் கம்பெனிக்குப் போனான். வார்டில், நோயாளியின் கட்டிலருகே, மருந்து படித்தவன் ஒருவனும் இல்லை. என் சர்வீஸ் முழுக்க நான் நின்றது ஜன்னலுக்குப் பின்னால்தான். எதிரே நீளும் கைதான் தெரியும், ஆள் தெரியாது.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போயிற்று. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1950-லேயே ஃபார்ம்.டி. பட்டத்தைத் தொடங்கிவிட்டது. 1966-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் ஒன்பதாவது மாடியில் ஒரு பரீட்சார்த்தம் செய்தார்கள்: மருந்தகத்தைக் கீழே வைக்காமல் வார்டுக்குள்ளேயே வைத்து, மருந்தாளுநரை டாக்டர்களோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்க வைத்தார்கள். 'கிளினிக்கல் ஃபார்மசி' பிறந்தது அங்கே என்று எங்கள் துறையில் சொல்வது வழக்கம். 2000-ம் ஆண்டு வந்தபோது, அந்த நாட்டில் புதிதாக மருந்தாளுநர் படிப்பில் சேர்பவர்களுக்கு ஃபார்ம்.டி. ஒன்றே தகுதி என்று ஆகிவிட்டது. வெளிநாட்டில் படித்தவர்கள் அங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டுமானால், 2003-க்குப் பின் பட்டம் வாங்கியவர்கள் ஐந்து வருஷப் படிப்பு படித்திருக்க வேண்டும் என்றும் விதி வந்தது. நம் பி.ஃபார்ம். நாலு வருஷம். அதோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது.

நம் நாட்டில் வார்டுக்குள் போகும் மருந்தியலை 1990-களின் பிற்பகுதியில் மைசூரிலும் உதகையிலும் உள்ள ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள் முதுகலைப் படிப்பாகத் தொடங்கின. 2008-ல் இந்திய மருந்தியல் கவுன்சில் ஃபார்ம்.டி. விதிமுறைகளை வெளியிட்டது. ஐந்து வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அந்த ஆறாவது வருஷத்தில் ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவிலும், மற்ற மூன்று சிறப்புப் பிரிவுகளில் இரண்டிரண்டு மாதமும் இருக்க வேண்டும். பி.ஃபார்ம். முடித்தவர்களுக்கு மூன்று வருஷத்தில் முடியும் வழியும் உண்டு. ஒரு கல்லூரிக்கு முப்பது இடம், பி.ஃபார்ம். வழியாக வருபவர்களுக்குப் பத்து. முந்நூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரியோடு தொடர்பு இல்லாத கல்லூரி இதை நடத்த முடியாது.

அப்படியானால் இவர்கள் டாக்டரா? பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ள 2012-ல் இசைவு கிடைத்தது. ஆனால் நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதும் உரிமை கிடையாது. எம்.பி.பி.எஸ். படித்தவரின் வேலை வேறு, இவர்கள் வேலை வேறு. ஆராய்ச்சி செய்து வாங்கும் பி.எச்டி.யும் வேறு. இது தொழில் சார்ந்த முனைவர் பட்டம். மலைப் பிள்ளைகளிடம் இதை முதலிலேயே பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுவேன். 'டாக்டர்' என்ற எழுத்துக்காக ஆறு வருஷம் போட்டுவிட்டு, பிறகு ஊரில் ஊசி போடச் சொன்னால் என்ன செய்வது?

ஊரிலும் சிலர் "அப்ப எதுக்குப்பா இந்தப் படிப்பு?" என்பார்கள். அவர்களுக்கு 2024 ஜூனை நினைவுபடுத்துவேன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். மெத்தனால் தானாக அவ்வளவு கெடுதி செய்வதில்லை; கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றத் தொடங்க, கடைசியில் அது ஃபார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலம்தான் கண்ணைக் குருடாக்கும், உயிரையும் எடுக்கும். அந்த நொதியைத் தடுக்கும் மருந்தின் பெயர் ஃபோமெபிசோல். நாம் எல்லோரும் வயிற்றெரிச்சலுக்கு வாங்கிப் போடும் மாத்திரை ஒமெப்ரசோல். காதில் விழும்போது ஏறக்குறைய ஒன்று, வேலையில் சம்பந்தமே இல்லை. அந்த வாரத்தில் இந்த இரண்டு பெயரும் அரசியல் அறிக்கைகளிலேயே குழம்பி, பத்திரிகைகளில் பெரிய வாதமாக ஓடியது. எந்தக் கட்சி சரி என்று நான் சொல்ல வரவில்லை. மருந்தின் பெயரையும், அது எங்கே கையிருப்பு, யாருக்கு எவ்வளவு என்பதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரு ஆள் ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும் அல்லவா?

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். இதில் மலைப் பிள்ளைகளின் கதை தனி.

இன்றைய மாணவர்களுக்குத் தெரிந்திருக்காது: தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது, 2007-ல் போனது. பத்து வருஷம் பிளஸ் டூ மார்க் மட்டும்தான். 2017 முதல் எம்.பி.பி.எஸ்.சுக்கு நீட். அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆக, மருத்துவத்துக்கான வாசல் நாலு தடவை மாறிவிட்டது. ஃபார்ம்.டி.க்கு நான் இதை எழுதும் நாள் வரை நீட் கிடையாது. பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். கூடவே உயிரியல் அல்லது கணிதம். டி.ஃபார்ம். முடித்தவர்களும் சேரலாம். சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். இதுவரை சுயநிதிக் கல்லூரிகளிலுள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு வழியாக நிரப்பி வந்திருக்கிறது. மார்க்கைப் பொறுத்தவரை மலைப் பிள்ளைக்கு எட்டாத வாசல் அல்ல.

தடங்கல் வேறு இடத்தில். கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் 'மலையாளி' என்னும் பழங்குடியினர். பேசுவது தமிழ், கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே கதை சொல்வார்கள். மலையின் இந்தப் பக்கம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தாரர்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து, 1976-ல்தான் அந்த ஜாகிர் ஆட்சி முடிந்து மலை முழுதாக அரசின் கைக்கு வந்தது. அதே 1976-ல் பழங்குடியினர் பட்டியலைத் திருத்தி நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதில் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களில் உள்ள மலையாளிகள் பழங்குடியினர் என்று இருக்கிறது. பிறகு தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் ஆனது. விழுப்புரத்திலிருந்து 2019-ல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. பழைய பெயர் சட்டத்தில், புதிய பெயர் விண்ணப்பத்தில்! இது புரியாத கவுன்டரில் போய் மாட்டினால் அன்றைய பொழுது போச்சு.

ஒரு அலுவலகத்தில், ஊர் பேர் வேண்டாம், என் கண்ணெதிரே நடந்தது. பையன் இனம் என்ற இடத்தில் 'மலையாளி' என்று எழுதியிருந்தான். "கேரளாவா? அப்ப நேட்டிவிட்டி எப்படி தமிழ்நாடு?" என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பையன் கச்சிராயபாளையத்துக்கு அப்பால் மலைப்பாதை ஏறினால் வெள்ளிமலை, அதற்கும் மேலே ஒரு கிராமம். மறுபடி வந்து போக ஒரு நாள் கூலி, பஸ் காசு.

பழங்குடிச் சான்றிதழை 1989 நவம்பர் வரை தாசில்தாரே கொடுத்தார். அதன் பிறகு கோட்டாட்சியர்தான் கொடுக்க முடியும். போலிச் சான்றிதழைத் தடுக்கச் செய்தது, நியாயம்தான். ஆனால் விசாரணை நீளும்போது விண்ணப்பத் தேதி காத்திருக்காது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கீடு ஒரு சதவீதம்; அந்த ஒரு சதவீதத்துக்கும் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆகவே தற்போதைய மாணவர்களுக்குச் சொல்கிறேன்: சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்பிலேயே எழுதிப் போடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழும் அப்படியே. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பழங்குடி மாணவருக்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. அது கைக்கு வரும் வரை முதல் தவணை கட்டுவது யார் என்பதுதான் ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும் சண்டை. நம் சங்கம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சிறுவங்கூரில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் மற்ற பத்துக் கல்லூரிகளோடு திறக்கப்பட்டது, 150 இடம். படுக்கைக்குப் பஞ்சமில்லை. அதோடு அரசே ஃபார்ம்.டி. இடங்களையும் தொடங்கினால் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் போய் விடுதியில் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

மலையிலிருந்து ஒரு பெண் இப்போது வெளியூரில் நாலாம் வருஷம் ஃபார்ம்.டி. படிக்கிறாள். முதல் வருஷம் சான்றிதழ் வராமல் தவறிப்போய், அடுத்த வருஷம் சேர்ந்தவள். போன பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அவள் தாத்தாவுக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தது. "கிட்னி போச்சு" என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். அவள் தாத்தாவின் மாத்திரைப் பையைத் திண்ணையில் கொட்டி ஒவ்வொரு அட்டையாகப் படித்திருக்கிறாள். சுகாதார நிலையத்தில் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரை அம்லோடிபின். கீழே டவுனில் தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அம்லோடிபின்தான், கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. பெரியவர் இரண்டையும் நாணயமாக ஆறு மாதம் போட்டிருக்கிறார். அளவு கூடினால் கால் வீங்குவது அந்த மருந்தின் குணம். அவளே எதையும் நிறுத்தவில்லை, அந்த உரிமை அவளுக்கு இல்லை. இரண்டு அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு, தாத்தாவோடு சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அவர் ஒன்றை நிறுத்தினார். மாசிக்குள் வீக்கம் வடிந்துவிட்டது.