நூல் சேகரிப்புகளின் சூழல் பராமரிப்பு: சென்னை மேற்குப் புறநகர்

நூலகம், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் உள்ள பொருள்கள் நெடுங்காலம் கெடாமலிருக்க, அவற்றின் அறையில் வெப்பம், ஈரப்பதம், ஒளி, தூசு, பூச்சி ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பதே சூழல் பராமரிப்பு. கிழிந்த ஏட்டை ஒட்டுவது செப்பனிடும் வேலை. ஏடு கிழியும் நிலைக்கே வராமல் பார்த்துக்கொள்வது சூழல் பராமரிப்பு. பின்னதற்குச் செலவு குறைவு, பலன் அதிகம்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இத்துறையோடு தொடர்புள்ள இடம் அம்பத்தூரை ஒட்டிய முகப்பேர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய தமிழ் நூல்களையும் இதழ்களையும், 1992இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் விலைக்கு வாங்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்துப் பேண முடிவானது. தமிழுக்கு அது பெரிய நன்மை. மொழி அறக்கட்டளையின் துணையுடன் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முகப்பேரில் இயங்கத் தொடங்கியது. பின்னர் தரமணிக்கு மாறியது. மூலங்களைக் காப்பதோடு, அவற்றை நுண்படச் சுருளில் பதிவதும் தொடக்கம் முதலே அதன் பணி.

இத்தகைய சேகரிப்புகளில் பெரும்பகுதி மரக்கூழ்த் தாள். அதில் உள்ள அமிலம் தாளின் இழைகளைத் துண்டாக்கிக்கொண்டே வரும். பழைய நாளிதழின் ஓரத்தை மடித்தால் அப்பளம்போல் நொறுங்குவது இதனால்தான். வெப்பமும் ஈரமும் இந்த வினையை விரைவுபடுத்தும். வெப்பநிலை 5 டிகிரி குறைந்தால் தாளின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது துறையில் வழங்கும் தோராயக் கணக்கு.

ஆனால் சென்னையில் குளிர்ச்சியை விட ஈரப்பதமே முதல் சிக்கல். வெளியே 32 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் இருந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 25 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரிக் காற்றோ 22 கிராமுக்கு மேல் தாங்காது. ஆகவே ஈரத்தை எடுக்காமல் குளிர மட்டும் வைத்தால் காற்று நிறைசெறிவை எட்டி, நீர் சுவரிலும் அலமாரியிலும் வியர்க்கும். 24 டிகிரியில் 50 விழுக்காடு வேண்டுமானால், காற்றை ஏறத்தாழ 13 டிகிரி வரை குளிர்வித்து, நீரை வடித்து, பிறகு மீண்டும் சூடாக்க வேண்டும். சாதாரண வீட்டு ஏசி இதற்காகச் செய்யப்பட்டதன்று. தனி ஈரநீக்கி தேவைப்படும்.

இங்கே பரவலாக நடக்கும் தவறு, மாலையில் அலுவலகம் முடிந்ததும் ஏசியை நிறுத்துவது. பகலெல்லாம் குளிர்ந்த சுவர்மீதும் புத்தக முதுகுகள்மீதும் இரவில் புகும் ஈரக்காற்று படியும். ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். தினமும் ஏறி இறங்கும் ஈரம் அட்டையை விரித்துச் சுருக்கி, தையலையும் பசையையும் தளர்த்தும். பகலில் மட்டும் ஓடும் ஏசியை விட, ஏசியே இல்லாமல் மின்விசிறி ஓடும் அறை பல வேளைகளில் மேல். மின்வெட்டையும் கணக்கில் கொண்டே திட்டமிட வேண்டும்.

20 டிகிரி, 50 விழுக்காடு என்ற ஐரோப்பியக் குறியை எல்லா நாடுகளும் பின்பற்ற வேண்டியதில்லை என்ற கருத்து இப்போது வலுத்துள்ளது. 2014இல் சர்வதேச அருங்காட்சியகப் பாதுகாப்பு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரியும் 40 முதல் 60 விழுக்காடும் போதும் என்றது. உள்ளூர்த் தட்பவெப்பத்தையும் கருதச் சொன்னது. மின்கட்டணம் கட்டும் சிறு நூலகங்களுக்கு இது ஆறுதல். எனினும் உலோகத்துக்குக் கணக்கு வேறு: குளோரைடு ஏறிய வெண்கலத்துக்கு 40 விழுக்காட்டுக்கும் கீழான வறட்சி நல்லது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் காப்பு ஆய்வகம் வெண்கலச் சிலைகளில் குளோரைடால் வரும் அரிப்பைக் கவனித்த முன்னோடி.

கரையானும் இராமபாணப் பூச்சியும் ஈரத்தையும் இருட்டையும் தேடி வரும். அலமாரியைச் சுவரிலிருந்து சிறிது விலக்கி, கடைசித் தட்டைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்த்தி வைக்க வேண்டும். ஓலைச்சுவடிகளுக்குத் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம் முதலியன கலந்த பொடி பயன்பட்டது. காட்சிக்கு வைத்த தாளின்மீது 50 லக்ஸுக்கு மேல் ஒளி விழக்கூடாது.

ஏரிகள் சூழ்ந்த சென்னையின் மேற்குப் புறநகரில் வெள்ளமும் சூழல் பராமரிப்பின் பகுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நீர் புகுந்தது. நனைந்த நூல்களை 48 மணி நேரத்துக்குள் விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும், இல்லையேல் பூஞ்சணம் பற்றும். அளவு மிகுதியானால் உறைகுளிரில் வைத்துவிட்டுப் பிறகு சிறிது சிறிதாக உலர்த்தலாம். வழவழப்பான தாளில் அச்சான நூல்களை முதலில் கையிலெடுக்க வேண்டும். அவை உலரும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கவே முடியாமல் போகும்.