ஃப்ரீ சீட், பேமெண்ட் சீட், பாங்க் லோன்: நமக்குப் பணம் கட்டியவர்கள்

நம் சங்கக் கூட்டத்துக்கு வரும் தொண்ணூறுகளின் அண்ணன், அக்கா யாரிடமாவது "நீங்க ஃப்ரீ சீட்டா, பேமெண்ட் சீட்டா?" என்று கேட்டுப் பாருங்கள். படித்து முடித்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தாலும் யோசிக்காமல் பதில் வரும். எந்த செமஸ்டரில் எந்தப் பேப்பர் அரியர் என்பது மறந்திருக்கலாம். இது மட்டும் மறக்காது. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கோ இந்த இரண்டு வார்த்தையும் புதுசு. அவர்களுக்குத் தெரிந்தது "ஃபர்ஸ்ட் கிராஜுவேட்", "ஏழரை பர்சென்ட்". இடையில் வந்த எங்கள் செட்டுக்கு (2009-13) இரண்டுமே வாய்க்கவில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது, "லோன் சாங்ஷன் ஆயிடுச்சா?"

மலர்க் குழுவினர் கல்லூரி நினைவுகள் எழுதச் சொன்னார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் கடைசி பெஞ்சைப் பற்றியும் எழுத நம்மில் நல்ல எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர். எந்த மெஷினைப் பார்த்தாலும் இதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று தேடும் புத்தி. ஆகவே ஃபீஸ் கவுண்டரைப் பற்றி எழுதுகிறேன். நம் படிப்புக்கு உண்மையில் பணம் கட்டியது யார்?

பழைய காலத்தில் அது பெரும்பாலும் ஒரு புண்ணியவானின் சொத்து. பச்சையப்ப முதலியார் 1794-ல் காலமானார். அவர் தர்மத்துக்கு எழுதி வைத்த பணம் பல வருடம் கோர்ட்டில் கிடந்து, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்களின் முயற்சியால் மீண்டு, 1842-ல் சென்னையில் ஒரு பள்ளிக்கூடமாயிற்று. 1889-ல் அதுவே கல்லூரி. ஆனால் தர்மத்துக்கும் ஒரு வாசல் உண்டு, அதற்கு ஒரு காவலும் உண்டு. 1947 வரை அந்தக் கல்லூரியில் இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தார்கள்.

ஸ்காலர்ஷிப்பும் அப்படித்தான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், இங்கிலீஷில் தவறியதால் அதை இழந்தார். ஒரு டெர்முக்கு ஃபீஸ் 32 ரூபாய். துணிக்கடையில் கணக்கு எழுதிய அவருடைய அப்பாவுக்கு மாதச் சம்பளம் 20 ரூபாய். கணக்கு உதைக்கிறது அல்லவா? பையன் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டார். பிறகு 1906-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தது, மேலே சொன்ன பச்சையப்பன் கல்லூரியில். அங்கேயும் பட்டம் வாங்கவில்லை. பட்டமே இல்லாத அவருக்கு 1913-ல் மெட்ராஸ் யூனிவர்சிட்டி மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதியைக் கொஞ்சம் வளைத்த அந்தப் பெரியவர்களுக்கு ஒரு கும்பிடு.

அதே 1913-ல் பரோடா மகாராஜாவின் உதவித்தொகையில் ஒருவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருடத்துக்கு. படித்துத் திரும்பியதும் பத்து வருடம் சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று பாண்டு. அவர் அம்பேத்கர். பரோடாவுக்குத் திரும்பிப் போனவருக்குத் தங்க ஒரு வீடு கொடுக்க அந்த ஊரில் ஆள் இல்லை என்பது தனிக்கதை. பின்னாளில் அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944-ல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. இன்றைக்கும் நம் ஆபீஸில் விண்ணப்பம் வாங்கும் அதே ஸ்காலர்ஷிப்தான். ராஜாவின் தயவாக இருந்தது சர்க்காரின் கடமையாக மாறிய இடம் அது என்று நான் நினைக்கிறேன்.

சர்க்கார் கடனும் கொடுத்துப் பார்த்தது. 1963-ல் மத்திய அரசு கொண்டுவந்த தேசியக் கடன் உதவித்தொகைக்கு வட்டியே கிடையாது. வசூல் மட்டும் ரொம்ப மோசம். கொடுத்ததை யாரும் விரட்டிக் கேட்கவுமில்லை, வாங்கியவர்கள் தேடிவந்து கட்டவுமில்லை.

இனி நம் கதை. தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984-ல். அதுவரை இன்ஜினியரிங் என்றால் கிண்டி, சி.ஐ.டி., பி.எஸ்.ஜி., தியாகராஜர், ஏ.சி.டெக் என்று விரல் விட்டு எண்ணும் கல்லூரிகள்தான். விவசாயி மகனும் வாத்தியார் மகளும் இன்ஜினியர் ஆக முடிந்தது இந்தக் கதவு திறந்த பிறகுதான். இதை மறுப்பவர்களோடு நான் சண்டைக்குத் தயார். ஆனால் கதவோடு கூடவே "கேபிடேஷன்" என்ற சொல்லும் வந்தது. ரசீது இல்லாத பணம். பக்கத்து மாநிலங்களிலும் இதே கதைதான்.

அதை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் இழுத்தது உத்தரப்பிரதேசத்தின் மீரட்டைச் சேர்ந்த ஒரு பெண், மோகினி ஜெயின். கர்நாடகத்தில் தும்கூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் 1991-ல் இடம் கேட்டார். அன்றைக்கு அங்கே அரசு நிர்ணயித்த ஃபீஸ் மூன்று விதம்: அரசு இடத்துக்கு வருடத்துக்கு 2,000 ரூபாய், கர்நாடக மாணவருக்கு 25,000, வெளிமாநிலத்தவருக்கு 60,000. ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே பிணவறை, மூன்று விலை! முதல் வருடம் 60,000 கட்டு, மீதி வருடங்களுக்கு பாங்க் கியாரண்டி கொண்டுவா என்றார்கள். அப்பாவால் முடியவில்லை. 1992 ஜூலை 30 அன்று தீர்ப்பு வந்தது: கல்வி ஓர் உரிமை, கேபிடேஷன் ஃபீஸ் செல்லாது. நாடே கொண்டாடியது. தமிழ்நாட்டிலும் அந்த வருடமே நன்கொடைத் தடைச் சட்டம் வந்தது. மோகினி ஜெயினுக்கு மட்டும் சீட் கிடைக்கவில்லை. வகுப்புகள் தொடங்கிவிட்டன, நீங்கள் மெரிட் வரிசையில் வந்தவர் இல்லை என்று கோர்ட் அவருக்கு உத்தரவு தர மறுத்துவிட்டது. வழக்கில் ஜெயித்த பெயர் அவருடையது; பலன் ஊராருக்கு.

அடுத்த வருடமே, 1993 பிப்ரவரி 4-ல், உன்னிகிருஷ்ணன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒரு திட்டத்தையே வகுத்துக் கொடுத்தார்கள். தனியார் தொழிற்கல்லூரியில் பாதி இடம் ஃப்ரீ சீட். அதற்கு அரசுக் கல்லூரி ஃபீஸ்தான். மறுபாதி பேமெண்ட் சீட். கமிட்டி நிர்ணயித்த உச்சவரம்புக்குள் அதிக ஃபீஸ். இரண்டையுமே மார்க் வரிசைப்படிதான் நிரப்ப வேண்டும். ஃப்ரீ சீட்டில் விழும் துண்டை யார் போடுவது? பேமெண்ட் சீட்டில் இருப்பவர்தான். ஆக, 1993-லிருந்து சுமார் பத்து வருடம், நம் வகுப்பறைகளில் பக்கத்து பெஞ்சுக்காரர் பக்கத்து பெஞ்சுக்காரருக்கு ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்தார். தர்மசொத்தும் இல்லை, சர்க்கார் கஜானாவும் இல்லை. உலகத்தில் வேறெங்கும் இப்படி நேருக்கு நேர் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கட்டுரைக்காக அந்தக் கால அண்ணன்கள் சிலரிடம் போனில் பேசினேன். ஒருவர் ஃப்ரீ சீட். "நல்ல மார்க், நல்ல ஸ்கூல். அப்பா பெரிய ஆபீஸர். எங்க வீட்டுக்குப் பணம் ஒரு பிரச்னையே இல்லப்பா" என்றார். இன்னொருவர் பேமெண்ட் சீட். கிராமத்துப் பள்ளி, தமிழ் மீடியம், என்ட்ரன்ஸில் கோட்டை விட்டவர். முதல் வருட ஃபீஸுக்கு ஒண்ணரை ஏக்கர் தோட்டம் போனது. "ரெண்டு பேரும் ஒரே லேப் பேட்ச். அவனுக்கு நான் ஃபீஸ் கட்டினேன், எனக்கு அவன் ரெக்கார்ட் எழுதிக் கொடுத்தான். கணக்கு சரியாப் போச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே முறைகேட்டைத்தான் 2002 அக்டோபர் 31-ல் வந்த டி.எம்.ஏ. பாய் தீர்ப்பும் பேசியது. பதினோரு நீதிபதிகள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் நல்ல பள்ளி, டியூஷன் என்று படித்து ஃப்ரீ சீட்டை எடுத்துக்கொள்கிறார்கள், வசதி குறைந்தவர்கள் அதிகப் பணம் கட்டி பேமெண்ட் சீட்டில் சேர்கிறார்கள் என்ற வாதம் அதில் பதிவாகியிருக்கிறது. உன்னிகிருஷ்ணன் திட்டம் தள்ளுபடி ஆயிற்று. பிறகு 2003-ல் வந்த தீர்ப்பின்படி ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கட்டணக் கமிட்டி, 2005-ல் இனாம்தார் தீர்ப்பு, 2006-ல் தமிழ்நாட்டுச் சட்டம்: சிறுபான்மையல்லாத கல்லூரிகளில் 65 சதவீதமும் சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 சதவீதமும் அரசு ஒதுக்கீடு. வக்கீல் நண்பர்கள் மன்னிக்க, இதற்கு மேல் விவரித்தால் தூக்கம் வரும். நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: பக்கத்து பெஞ்சுக்காரர் விடுதலை ஆனார். அவருக்குப் பதிலாக யார் வந்தார்?

நானே வந்தேன். அதாவது, இன்னும் சம்பாதிக்க ஆரம்பிக்காத நான். 2001-ல் வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டம்தான் எங்கள் தலைமுறையின் பச்சையப்ப முதலியார். 4 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம், கையிலிருந்து பங்குத்தொகை வேண்டாம். பெற்றோர் கூடவே கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம், அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இதில் எது முந்தியோ அப்போதிலிருந்து கட்டவேண்டும்.

எனக்கு 2009-ல் கவர்மெண்ட் கோட்டாவில் டியூஷன் ஃபீஸ் வருடத்துக்கு 32,500 ரூபாய். ஹாஸ்டல், மெஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து நாலு வருடத்துக்குக் கடன் 2 லட்சத்து 80 ஆயிரம். அப்பா தையற்கடை வைத்திருந்தார். பாங்கில் விதியில் இல்லாத எல்.ஐ.சி. பாலிசியைக் கேட்டார்கள், "அடுத்த வாரம் வாங்க" என்று ஏழு முறை சொன்னார்கள். அப்பா ஒவ்வொரு முறையும் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு போனார். கடைசியில் கடன் வந்தது. அந்த 2009-10 கல்வியாண்டிலிருந்துதான், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்றது. அந்த விஷயத்தில் நான் அதிர்ஷ்டசாலி. ஒரு வருடம் முன்னால் வாங்கிய சீனியர்களுக்கு வட்டி ஏறிக்கொண்டே போனது. அவர்களுக்கு 2014 இடைக்கால பட்ஜெட்டில்தான் ஓரளவு விடிந்தது. இன்னொரு விஷயத்தில் நான் துரதிர்ஷ்டசாலி. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குத் தமிழக அரசு கொடுத்த கட்டணச் சலுகை 2010-11-ல் சேர்ந்தவர்களிலிருந்து தொடங்கியது. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. ஒரு வருடம் முந்திப் பிறந்துவிட்டேன்!

2013-ல் முதல் சம்பளம் 14,000. தவணை 6,200 சொச்சம். 2019-ல் கடனை முடித்து, பாங்கில் "நோ டியூஸ்" வாங்கினேன். என்னோடு கடன் வாங்கிய எல்லோருக்கும் இப்படி முடியவில்லை. வேலை கிடைக்காமல், கிடைத்தாலும் படிப்புக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் எட்டாயிரத்துக்கு நின்றவர்கள் உண்டு. ஓர் அரசு வங்கி வாராக் கல்விக்கடன்களைத் தனியார் வசூல் கம்பெனிக்கு விற்ற செய்தி 2016-ல் தமிழ்நாட்டில் பெரிய பேச்சாக இருந்தது நினைவிருக்கும். வட்டியில்லாக் கடன் கொடுத்த சர்க்கார் யாரையும் விரட்டவில்லை. வட்டிக்கு வாங்கியவர்கள் வீட்டுக்கு ஆள் வந்தது. 2015-ல் கடன் உத்தரவாத நிதி என்று ஒன்றை உண்டாக்கி, ஏழரை லட்சம் வரை ஜாமீன்தாரர் தேவையில்லை என்றார்கள். என் அப்பாவைப் போல அயர்ன் சட்டையோடு நின்றவர்களுக்கு அது பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டியது.

இப்போது சேரும் தம்பி தங்கைகளின் நிலைமை பல வகையில் தேவலை. 2012-ல் வந்த அரசாணை 92 ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை சுயநிதிக் கல்லூரிகளிலும் அரசே ஏற்க வழி செய்தது. 2021-லிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு; கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசுடையது. 2022-ல் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், 2024-ல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். சுற்றிச் சுற்றி மறுபடி கஜானாவுக்கே வந்திருக்கிறோம். எனக்கு இதில் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். சந்தோஷம் அதைவிடப் பெரிது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். போன மாதம் நம் ஃபீஸ் கவுண்டரில் முப்பது வருடமாக இருக்கும் ஊழியரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "பணம் வராதுன்னு இல்ல சார், வருது. ஆனா ஃபீஸ் தேதி ஜூலையில, ஸ்காலர்ஷிப் வர்றது எப்பவோ" என்றார். 2020 டிசம்பரில் எடுத்த முடிவின்படி போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேராக மாணவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வரும்வரை டைம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பது அந்தப் பிள்ளைதான். ஒவ்வொரு செமஸ்டரிலும் நம் கல்லூரியில் பதினைந்து இருபது பேர் இப்படி நிற்கிறார்களாம். சிலர் அந்த இடைவெளிக்குக் கந்துவட்டி வாங்குகிறார்கள்.

நம் சங்கம் வருடாவருடம் முதல் மதிப்பெண் எடுத்தவர்களுக்குக் கேடயமும் ரொக்கப் பரிசும் கொடுக்கிறது. கொடுக்கட்டும். அதோடு ஒரு முன்பண நிதியும் வைக்கலாம் என்று ஃப்ரீ சீட் அண்ணன் ஒருவரும், பேமெண்ட் சீட் அண்ணன் ஒருவரும், லோன் செட்டில் நானும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். உதவித்தொகை வரும்வரை ஃபீஸை நாம் கட்டுவோம். பணம் வந்ததும் மாணவர் திருப்புவார். வட்டி கிடையாது, ஜாமீன் கேட்பதில்லை. மார்க் பார்ப்பதில்லை என்பதில் பேமெண்ட் சீட் அண்ணன் ரொம்பப் பிடிவாதமாக இருக்கிறார். திரும்ப வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை ஃப்ரீ சீட் அண்ணன் எழுப்பியிருக்கிறார். இரண்டாம் நாள் பொதுக்குழுவில் மதியச் சாப்பாட்டுக்கு முன் இந்த விஷயம் வருகிறது. பொருளாளர் கணக்கு நோட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.