கடலா, காலனியா? சுனாமிக்குப் பிறகு நாகை வீடுகள் போட்ட கணக்கு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலுக்கடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்து சுமார் இரண்டரை மணி நேரத்தில், காலை ஒன்பது மணியை ஒட்டி, நாகப்பட்டினம் கரையில் அலை ஏறியது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், செருதூர், வேளாங்கண்ணி... நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் இறந்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். அதாவது மற்ற மாவட்டங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் நாகையில் பாதிகூட வராது.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. டிவியில் பார்த்த கதை. டிவி கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு நடந்தது வேறு ஒன்று. உயிர் பிழைத்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. இங்கேயே இருப்பதா, போவதா, போய்விட்டுத் திரும்புவதா?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ரொம்ப சுலபமான கேள்வி. "இவ்வளவு நடந்தும் ஏன் கடலோரத்திலேயே கிடக்கிறார்கள்?" என்று அப்போது கேட்காத ஆள் இல்லை. ஆனால் இதே கரையில், வடக்கே கொஞ்சம் தள்ளித்தான் பூம்புகார் இருக்கிறது. கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்லும் அதே காவிரிப்பூம்பட்டினம்! அங்கே இன்றைக்கும் மீனவர் குடியிருப்பு உண்டு. 2004-ல் அதுவும் அடிவாங்கியது. கடல் கொண்ட இடத்தில் மறுபடியும் குடிவைப்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை.

சரி, அரசு என்ன சொன்னது? 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை எண் 172-ல்தான் எல்லாம் இருக்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போகச் சம்மதித்தால் புது வீடு இலவசம். ஒரு வீட்டின் மதிப்பு சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய், பரப்பு 300 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. போக விருப்பமில்லையா? பழைய வீட்டைச் சொந்தச் செலவில் ரிப்பேர் செய்துகொள்ளலாம், அரசு உதவி கிடையாது. யாரையும் பலவந்தமாக வெளியேற்றவில்லை, அது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் இழந்து நிற்கும் ஒருவரிடம் "போனால் வீடு, இருந்தால் ஒன்றுமில்லை" என்பதை விருப்பம் என்று சொல்ல முடியுமா என்பது வேறு விஷயம்.

இதில் முக்கியமான ஷரத்து இன்னொன்று. புது வீடு வேண்டுமென்றால் பழைய வீட்டையும் இடத்தையும் அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லா ஊரிலும் சண்டை பிறந்தது இங்கேதான்.

கடலோர மனை என்பது ஒரு மீனவ வீட்டுக்கு வெறும் குடியிருக்கும் இடம் கிடையாது. வணிகவியல் பாஷையில் சொன்னால் அது கடை, குடோன், ஆபீஸ் மூன்றும் சேர்ந்தது. படகு கண் பார்வையில் நிற்கவேண்டும். வலை காயவேண்டும். விடியற்காலையில் வாசலில் நின்று காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். பெண்களுக்கு அதே மணல்தான் கருவாடு காயப்போடும் களம். இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் இந்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்கவேண்டும். இஞ்சினைத் தூக்கிவர ஆட்டோ, மீன் கூடைக்கு ஆட்டோ, படகுக்குக் காவல். தினம் தினம் போகிற இந்தச் செலவு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் வராது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நாம் காலி செய்த மணலில் நாளைக்கு யார் வந்து உட்காருவார்கள்? ரிசார்ட்டா, இறால் பண்ணையா? 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு மீனவர்களின் பழைய குடியிருப்புகளை ஓரளவு காப்பாற்றி வைத்திருந்தது. அந்த உரிமையைத் தாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் பிறகு கேட்க நாதியிருக்காது என்று மீனவர் சங்கங்கள் பேசின. அலைக்குப் பயந்தவர்களை விட பட்டாவுக்குப் பயந்தவர்கள் அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த இடத்தில்தான் வீடுகள் ஒரு வேலை செய்தன. இருப்பது, போவது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் முடிவையே பிரித்துக்கொண்டன.

சுனாமிக்கு முன்பு ஒரே கூரையின் கீழ் அப்பா, கல்யாணமான இரண்டு மகன்கள் என்று மூன்று அடுப்பு எரியும். நிவாரணக் கணக்கில் ஒவ்வொரு அடுப்பும் ஒரு குடும்பம். எனவே செல்லூர், பாப்பாக்கோவில் பக்கம் எழுந்த சுனாமி குடியிருப்புகளில் மகன்கள் பெயரில் வீடு வந்தது. வயதானவர்கள் பழைய வீட்டிலேயே தங்கினார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரவில் காலனியில், தொழிலுக்குப் போகும் ஆண்கள் பகலெல்லாம் கரையில். சிலர் காலனி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கடலோரத்துக்கே திரும்பினார்கள். எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பழைய வீடுகள் பல ஊர்களில் இடிக்கப்படவே இல்லை. "இலவச வீட்டை வாங்கி வாடகைக்கு விடுகிறார்கள்" என்று பத்திரிகைகளில் புகார் வந்தது. அதை ஏமாற்று என்று பார்ப்பதா, காப்பீடு என்று பார்ப்பதா? கடலோர வீடு வருமானத்துக்கு, காலனி வீடு உயிருக்கு. எந்த வியாபாரியும் முதலை ஒரே இடத்தில் முடக்க மாட்டான்.

நாகைக்கு இந்தப் பிரித்து வைக்கும் பழக்கம் பழையது. ராஜுலா கப்பல் நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்திலேயே ஒருவரைக் கப்பலேற்றிவிட்டு மற்றவர்களை ஊரில் வைத்துக்கொள்ளத் தெரிந்த மாவட்டம் இது.

ஒரே வீட்டுக்குள்ளேயே ஆளுக்கு ஒரு முடிவு இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். பிள்ளையைக் கையிலிருந்து அலை பறித்துக்கொண்டு போன ஒரு தாய்க்கு கரையில் மறுபடி தூக்கம் வராது. அவளைப் பொறுத்தவரை இரண்டு கிலோமீட்டர் என்பது செலவு இல்லை, நிம்மதி. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பின் பிள்ளைகளை இழந்த பெண்களுக்குக் குழாய்களை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்தது. அப்படிப் பிறந்த குழந்தையை எங்கே படுக்கவைப்பது என்பதும் அந்த வீட்டின் இடமாற்ற முடிவுதான். கூடவே புது வீட்டின் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் கொடுக்கப்பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு சொத்து! காலனி வேண்டாம் என்று ஆண்கள் சொன்ன வீடுகளிலும் பெண்கள் அதை விட மனமில்லாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஆனால் முடிவு முழுக்க வீட்டின் கையிலா இருந்தது? பட்டினவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்துதான் பேசியது. எந்த தொண்டு நிறுவனம் கட்டுவது, எந்த இடம், யாருக்கு எந்த வரிசை என்று எல்லாம் பஞ்சாயத்தார் முன்பு நடந்தது. ஊராகச் சேர்ந்து நின்றதால்தான் அரசிடம் பேரம் பேச முடிந்தது, அது பெரிய பலம். ஆனால் ஊர் என்றால் வரி கட்டும் தலைக்கட்டு. கணவனை இழந்த பெண் பல ஊர்களில் முழு வரிக்காரராக எண்ணப்படுவதில்லை. கரையில் கூலி வேலை, உப்பள வேலை, வயல் வேலை செய்துவந்த தலித் குடும்பங்கள் அந்தக் கணக்கிலேயே கிடையாது. படகு போனவருக்குப் படகு வந்தது. படகில் கூலிக்குப் போனவருக்கு, மீன் சுமந்தவருக்கு இழந்ததாகக் காட்ட ஒரு பொருளும் இல்லை. அவர்கள் இருந்ததையோ போனதையோ முடிவு என்று சொல்வது கஷ்டம்.

காலனி வாழ்க்கையும் சொன்ன மாதிரி இல்லை. முதலில் தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகைகள், வெயிலில் அடுப்பு மாதிரி. 2005 வடகிழக்குப் பருவமழையில் அதற்குள் தண்ணீர். நிரந்தர வீடு வந்து சேரப் பலருக்கு இரண்டு மூன்று வருடங்கள் பிடித்தன. நகரத்தை ஒட்டி மேடான நிலம் எங்கே கிடைக்கும்? கிடைத்ததெல்லாம் தாழ்ந்த நஞ்சை. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரை கடந்தபோது டெல்டா முழுக்க வெள்ளம். மணல் மேட்டில் மழைநீர் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும், வயலில் வடியாது. கடலுக்குத் தப்பி வந்தவர்கள் மழையில் மாட்டிக்கொண்டார்கள்.

விவசாய வீடுகளுக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி வந்தது. சம்பா கதிர் நிற்கும் நேரத்தில் கடல்நீர் வயலில் ஏறியது. படகை இழுத்துக்கொண்டு வேறு ஊர் போகலாம், வயலை எங்கே இழுத்துப் போவது? ஜிப்சம் போட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள், நம்மாழ்வார் போன்ற இயற்கை விவசாயிகள் வந்து கூட நின்றார்கள். கொட்டகைகளை மூழ்கடித்த அதே 2005 மழைதான் இவர்கள் வயலின் உப்பைக் கழுவிவிட்டது.

கட்டளையிட்டால் மட்டும் ஜனங்கள் போய்விடுவார்களா என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்து, பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் விழுங்கியது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஸ்டேஷன், தபாலாபீஸ் எல்லாம் போயே போய்விட்டன. மீனவக் குடும்பங்கள் மட்டும் ஓலைக் குடிசையில் அங்கேயே இருந்தன. இலங்கையில் 2005-ல் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கட்டடம் கட்டத் தடை போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி பிறகு தளர்த்தவேண்டி வந்தது. தமிழர்களும் முஸ்லிம்களும் அதிகம் வாழும் கிழக்குக் கரைக்கு மட்டும் ஏன் இரட்டிப்பு தூரம் என்ற கேள்வி அங்கே தனியாக எரிந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. இந்த முறை முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தது, கடலோரத்து ஜனங்கள் பாதுகாப்பு மையங்களுக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். அடி விழுந்தது தென்னைக்கு. படகை ரிப்பேர் செய்தால் மறுநாளே கடலில் காசு பார்க்கலாம். சாய்ந்த தென்னைக்குப் பதில் வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும், அதுவரை வீட்டை யார் ஓட்டுவது? கடலை விட்டு எத்தனையோ கிலோமீட்டர் தள்ளியிருந்த தோட்டக்கார வீடுகளிலிருந்து பிள்ளைகள் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். தாத்தா பாட்டி தோட்டத்தில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்தார்கள்.